விரல் விட்டால் கை விட்டுப்போகும்

வீராம்பட்டினத்துக் கடற்கரையில் வெயில் சாயும்போது படகுகளின் நிழல் கடலை நோக்கி நீளும். அதைப் பார்த்தால் எனக்கு வீடியோ கேம் வடிவமைப்பாளர் ஃபுமிட்டோ உயேடா நினைவுக்கு வருவார். ஒசாகாவில் கலை படித்தவர். 2001இல் வந்த தன் 'இக்கோ' வீடியோ கேமுக்கு அவரே வரைந்த அட்டையில் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கீரிக்கோவின் வெறிச்சோடிய வெளியும் நெடுநிழலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் எரிக் ஷாயியின் 'அனதர் வேர்ல்ட்' விளையாட்டு 'இக்கோ'வுக்கு இன்னொரு தூண்டுதல்.

உயேடாவின் பெருங்கலை, வேண்டாததைக் கழிப்பது. 'இக்கோ' நடக்கும் கோட்டைக்குள் பெரும்பாலும் காற்றொலிதான். கொம்பு முளைத்த சிறுவன், மொழி புரியாத யோர்தா என்ற பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறான். பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் அவள் கை நழுவிவிடும். எவ்வளவு எளிமை, எவ்வளவு பரிவு! 2005இன் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' விளையாட்டில் அதே பொத்தானைப் பிடித்துத்தான் பூதங்களின் மயிரைப் பற்றி ஏறுகிறோம்.