கிளி அமர்ந்த தாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலை உடலாகிறது, மாதுளம்பூ அலகாகிறது, மூங்கில் குச்சி காலாகிறது. இலை இலையாகவே தெரிகிறது, கிளியும் கிளியாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதுதான் அந்தக் கைவேலையின் சாதனை. கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றை எடைபோடும்போதும் நான் கேட்பது அதையேதான்: தாள் தாளாக இருக்க விடப்பட்டிருக்கிறதா?

அச்சு அட்டையிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பக்கத்துச் சிவகாசியில் ஆஃப்செட்டில் ஓடிய பொங்கல் வாழ்த்துகளுக்குத் தாள் வெறும் தளம். நிறம் பிசகாமல் விழுந்ததா என்பதே அங்கே அளவுகோல். கரும்பும் பானையும், முருகனும், சினிமா நட்சத்திரங்களும் ஒரே ஆர்ட் அட்டையில் வந்தார்கள்; தாளை யாரும் தடவிப் பார்க்கவில்லை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிட்டு விற்ற கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்தே வாழ்த்து அட்டை பெரும்பாலும் படத்தின் கலையாகத்தான் வளர்ந்திருக்கிறது. அந்தப் படத்தோடு கைவினைஞர் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். அவருக்குள்ள ஒரே சாதகம் தாள். ஆகவே அவர் அரிய தாள்களைத் தேடிப் போவது நியாயமே. ஆனால் விலையும் மினுமினுப்பும் பார்த்து வாங்கி, பூவும் மணியும் ஒட்டித் தாளையே மறைத்துவிடும் அட்டைகள்தாம் அதிகம் கண்ணில் படுகின்றன. கையாளக் கடினமான தாளைக் கையில் எடுத்ததே திறமைக்குச் சான்றாகிவிடாது. அந்தக் கடினத்துக்கு அட்டை என்ன விடை சொன்னது என்று பார்க்க வேண்டும்.

இந்த மார்கழியில் ராஜபாளையத்தில், வீட்டு மேசையில், ஒரே வடிவத்தை மூன்று தாளில், ஓர் அட்டைக்கு ஒரே தாள் என்ற விதியோடு, செய்து பார்த்தேன். ஏ5 அளவு, நடுவில் ஒரு மடிப்பு. முகப்பில் கிளி, அதன் பின்னே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தின் வெளிக்கோடு. உள்ளே இரண்டு வரி வாழ்த்து. கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் மூன்றுக்கும் பொது. மடிப்புக்கோடு இழுக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. உறையோடு 20 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை, ஏனென்றால் 5 ரூபாய்த் தபால்தலையின் எல்லை அதுதான். தபாலில் போக முடியாதது பரிசுப்பொருளாக இருக்கலாம், வாழ்த்து அட்டை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் தோற்றது கண்ணாடி அட்டை. அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலம் அதன் மேல்முகம்; பசையை அது உறிஞ்சாது. ஃபெவிகால் காய்வதற்குள் கிளி வழுக்கி இடம் மாறியது. மடிப்பில் படலம் வெடித்தது. தொட்ட இடமெல்லாம் விரல்ரேகை. இத்தனைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது அந்நியப் பொருள் அல்ல. சூடிய மாலையோடு ஆண்டாள் தன்னைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு கோயிலிலேயே இருக்கிறது. அட்டையைத் திறந்ததும் வாங்குபவர் தன் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு, உள்ளே ஒரு சிறு வட்டமாக வைத்திருந்தால் அந்தத் தாளுக்குப் பொருள் கிடைத்திருக்கும். முகப்பு முழுவதும் விரித்ததால் கிளி, கோபுரம் இரண்டையும் அது விழுங்கிவிட்டது. இங்கே குறை தாளுடையது பாதி, என் திட்டமிடலுடையது பாதி.

ட்ரேஸிங் தாள் அப்படி எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. கல்யாண ஆல்பத்தில் படங்களுக்கு இடையே வரும் பட்டர் பேப்பருக்குக் கனத்த உறவு இது. நான் எடுத்தது 112 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 112 கிராம். கூழை நெடுநேரம் அரைத்து அரைத்து, இழைகளுக்கு நடுவே காற்று நிற்க இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். காற்று இல்லாத இடத்தில் ஒளி சிதறுவதில்லை, ஊடுருவுகிறது. தாளின் அழகுக்கும் குற்றத்துக்கும் இந்த ஒன்றே காரணம். ஈரம் பட்டால் இழை நீளவாக்கில் நீள்வதைவிட அகலவாக்கில் அதிகம் ஊதும். நெருங்கிப் பிணைந்த தாளில் அது உடனே தெரிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே, மலையடிவாரத்து விடியல் பனியிலேயே, இரவில் வெட்டி வைத்த துண்டுகள் ஓலைச்சுருளாகச் சுருண்டு கிடந்தன. வெயில் ஏறியதும் தட்டையாயின. நீர்ப்பசை தொட்ட இடம் நெளிந்தது, டபுள் சைடு டேப் ஒட்டிய இடம் மறுபக்கம் பட்டையாகத் தெரிந்தது. மடிப்பில் இழை விலகிக் காற்று புகுந்து வெள்ளைக் கீறல் விழுந்தது.

ஆனாலும் கோபுரத்தை மூன்று அடுக்காக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, கீழ்நிலைகள் அடர்ந்தும் மேல்நிலைகள் வெளிறியும் வந்தன. பனிக்காலத்தில் விடியற்காலை பஸ்ஸில் வரும்போது தெரிகிற கோபுரம் அப்படியே இருந்தது. மற்ற இரண்டு தாளாலும் இது ஆகாது. ஒட்டுவதை விட்டுவிட்டேன். அடியில் 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று கொடுத்து, மடிப்போரம் துளையிட்டு, பருத்தி நூலால் தைத்தேன். தாள் சுருள நினைத்தால் சுருளவும் விரிய நினைத்தால் விரியவும் இடம் கிடைத்தது. நெளிவும் பட்டையும் போயின. முறை என்ற அளவில் இந்த மூன்று அட்டைகளில் கண்ட மிகத் தெளிவான தீர்வு இது. அட்டை சுமார் 9 கிராம், ட்ரேஸிங் மூன்றரை, உறை 5, எடையும் தேறியது. ஆனால் கிளி தேறவில்லை. மை காயாமல் இழுபட்டது, பச்சை வெளிறியது, கடைசியில் கிளியை அடியட்டைக்கு இறக்க வேண்டியதாயிற்று. கோபுரம் ஒரு தாளிலும் கிளி ஒரு தாளிலுமாகப் பிரிந்ததில் ஒருமை போயிற்று. ஒரே தாள் என்ற என் விதியையும் அது மீறியது.

மூன்றாவது, பருத்திக் கூழைச் சல்லடையால் அள்ளிச் செய்யும் கைத்தாள். இதைக் கிராமத் தொழிலாக நிலைநிறுத்த உழைத்தவர்களில் ஜே.சி. குமரப்பா முக்கியமானவர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த அவர் பெயரில்தான் ஜெய்ப்பூரில் கைத்தாள் நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தாள் கூடம் 1959இல் தொடங்கியது. மூலப்பொருள் பெரும்பாலும் பருத்தித் துணிக்கழிவு. பஞ்சாலை ஊர்க்காரனுக்கு இந்தத் தாளைத் தொட்டதும் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஞாபகம் வரும், எனக்கும் வந்தது.

இதன் தொல்லை வேறு மாதிரி. நீண்ட இழை கட்டர் முனையில் சிக்கி இழுபடும். கோபுரத்தின் நான்காம் படியிலேயே ஓரம் பிசிறாகிவிட்டது. அங்கே வெட்டுவதை நிறுத்தியதிலிருந்துதான் இந்த அட்டை தொடங்கியது என்று சொல்வேன். பிரஷ்ஷால் இறக்கையின் வளைவில் தண்ணீர்க்கோடு போட்டு, அரை நிமிடம் ஊறவிட்டு, இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் தாள் கிழிவதில்லை, இழை இழையாகப் பிரிகிறது. அந்தப் பிரிந்த ஓரம் இறகு. வரையத் தேவையே இல்லை. பச்சை தோய்த்த மூன்று துண்டுகளை மைதாப்பசையால் அடுக்கி, அகராதிக்கு அடியில் ஓர் இரவு வைத்தேன். கோபுரத்தை வெட்டாமல், ஈரம் முழுதும் உலராத தாளில் அதே மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரைந்தேன். மையில்லாத கோடு. நேரே பார்த்தால் வெறும் தாள், சாய்த்துப் பிடித்தால் 11 நிலையும் எழுந்து நிற்கிறது. கருவி, பொருள், வடிவம் மூன்றும் இங்கே ஒத்திசைகின்றன. இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் மடிப்பும் இணங்கியது.

முதலிடம் கைத்தாளுக்கே, ஆனால் முழு மதிப்பெண் இல்லை. தாளில் கஞ்சி சீராக ஏறவில்லை போலும். உள்ளே பவுண்டன் பேனாவால் எழுதிய 'வாழ்த்து' பூத்து, 'ழ'வின் சுழி அடைந்துபோனது. பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். பெரிய குறை அலகு. கிழிக்கும் முறையால் கூர்மை வராது என்று தெரிந்து, சிவப்பு ஆர்ட் தாளை வெட்டி ஒட்டினேன். ஆண்டாள் கிளியிலும் அலகில் பொருள் மாறுகிறதே என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் அங்கே மாதுளம்பூவும் மரவள்ளி இலையும் ஒரே தோட்டத்துச் சாதி; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று அடையாளம் காணும். இங்கே அந்தப் பளபளப்பான சிவப்பு முக்கோணம் பருத்தியின் மேல் விருந்தாளிபோல உட்கார்ந்திருக்கிறது. ட்ரேஸிங் தாளைத் தைத்தபோது மிஞ்சிய நூல் கண்டு மேசையில்தான் கிடக்கிறது. அதில் ஒரு முழத்தைச் சிவப்பில் முக்கி, இந்த அலகைப் பிரித்துவிட்டு நாலு தையலில் மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.