நற்சிந்தனையிற் குருநினைவு

சைவ மரபிலே குருவை நினைத்தல் இருவகைப்படும். அவர் வரலாற்றை எடுத்துரைத்தல் ஒன்று. அவர் உணர்த்தியதை மீட்டும் உணர்தல் மற்றொன்று. மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் குருந்தமர நீழலை மறவாது பாடியது இரண்டாம் வகையின்பாற்படும். ஈழத்திலே அக் குருந்தமரத்துக்கு நிகராக வைத்து எண்ணத்தக்கது நல்லூர்த் தேரடி. அத் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளை நினைந்து அவர்தம் மாணவராகிய யோகர் சுவாமிகள் (1872–1964) பாடிய பாடல்கள் நற்சிந்தனை என்னும் தொகுதியிற் பரந்து கிடக்கின்றன. அத் தொகுதியைப் பூசையறையில் வைத்துப் போற்றுவோர் பலர். இலக்கியமாகக் கொண்டு ஆராய்ந்தோர் சிலரே.

மாவிட்டபுரத்திற் பிறந்து, கிளிநொச்சியை அடுத்த இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்திலே களஞ்சியப் பொறுப்பாளராயிருந்தவர் யோகர் சுவாமிகள். ஊரார் விசரர் என்று ஒதுக்கிய ஒருவரைத் தேரடியிலே கண்டு அவர் அடிமையானார். செல்லப்பா சுவாமிகள் மாணவரைச் சேர்த்துப் பாடஞ் சொன்னவரல்லர். 'நீ யார்' என்று அதட்டினார். நெருங்கியவரை ஏசித் துரத்தினார். பாடுபட்டுச் சமைத்த சோற்றுப் பானையை உண்ணும் வேளையில் உடைத்து விடுவார் என்றும் சொல்லுவர். நற்சிந்தனைப் பாடல்களிலே குரு இந்த ஏச்சோடும் அதட்டலோடுமே காட்சி தருகின்றார். ஒளி வட்டமிட்டு அவரை அழகுபடுத்த மாணவர் முயலவில்லை. அடித்த சொல்லையே அருளாகக் கண்டு பாடிய இம்மெய்ம்மை அப்பாடல்களின் முதற் சிறப்பாகும்.

திருவாசகத்தோடு ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு புலனாகும். பெருந்துறையில் ஆட்கொண்ட குரு மறைந்தருளிய பின் எழுந்த பிரிவாற்றாமையே திருவாசக உருக்கத்தின் ஊற்று. செல்லப்பா சுவாமிகள் 1915ஆம் ஆண்டிற் சமாதியடைந்தார். ஆயினும் நற்சிந்தனையிலே பிரிவுத்துயர் மிகுதியாகக் கேட்பதில்லை. குரு சொன்ன சொல் உள்ளே நின்று பேசுகின்றமையால் அவர் போனார் என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை போலும்.

அச்சொற்கள் நான்கு: எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை, ஒரு பொல்லாப்பும் இல்லை. இவற்றை மகாவாக்கியங்கள் என்று அடியார் வழங்குவர். உபநிடத மகாவாக்கியங்கள் வடமொழியில் அமைந்து, குருமுகமாக விளக்கம் பெறுவன. இவையோ யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்திலே புழங்கும் சொற்கள். 'எப்பவோ' என்பது பேச்சு வடிவு. புலவர் அதனை 'எப்பொழுதோ' என்று திருத்தியிருப்பர். 'பொல்லாப்பு' என்பது அயலாரிடையே நேரும் மனக்கசப்பைக் குறிக்க நாள்தோறும் வழங்குவது. ஏட்டறிவில்லாதவரும் கேட்ட மாத்திரத்தே பொருள் கொள்வர். கற்றவர் வாழ்நாள் முழுவதும் எண்ணினும் அவை தீர்வதில்லை.

இவற்றுள்ளும் இரண்டாம் வாக்கியம் ஊன்றி நோக்கத்தக்கது. 'நான் அறியேன்' எனின் அது தன்னடக்கம். 'நீ அறியாய்' எனின் கண்டனம். 'நாங்கள் அறியோம்' எனின் கேட்பவன் வெளியே நிற்பான். 'நாம்' என்பது தமிழிலே கேட்பவனையும் உளப்படுத்தும் பன்மை. சொல்லுகின்ற குருவும் கேட்கின்ற மாணவனும் ஒரே அறியாமையில், அன்றி அறிவுக்கு எட்டாத ஒரே பொருளின் முன், ஒருங்கே நிற்கின்றனர். குருவுக்கும் மாணவனுக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வொரு சொல்லே அழித்துவிடுகின்றது.

யோகர் சுவாமிகளைச் சூழ்ந்து வளர்ந்த கூட்டம் இந்த 'நாம்' என்னும் சொல்லின் விரிவே எனலாம். கொழும்புத்துறையில் அவர் இருந்த கொட்டிலுக்குக் கமக்காரரும் ஆசிரியரும் அரசியலாரும் மாணாக்கரும் வந்தனர். ஏச்சு வாங்கித் திரும்பியவரும் உளர். பேச்சின்றி அருகிருந்து எழுந்தவரும் உளர். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தரும் அவ்வட்டத்திற் சேர்ந்து சந்தசுவாமி என்று வழங்கப்பட்டார். சுவாமிகள் வாயிலிருந்து வந்தபடியே பாடல்களை அருகிருந்தோர் எழுதிக்கொண்டனர். 1935இல் தோன்றிய சிவதொண்டன் இதழ் அவற்றைப் பரப்பிற்று. 1953இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த சிவதொண்டன் நிலையத்திலே திருவடி வழிபாடும் மௌனத் தியானமும் முதன்மை பெற்றன.

இனி, குறை கூறுவார் கூற்றையும் நோக்குதல் வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லுதல், பழைய தோத்திர நூல்களின் சொற்றொடர்களை அப்படியே எடுத்தாளுதல், யாப்பில் நெகிழ்ச்சி ஆகியன நற்சிந்தனையில் உண்டு. தனித்தனியே வைத்துப் படிக்குமிடத்துச் சில பாடல்கள் சுவை குன்றித் தோன்றுவதும் உண்மையே. ஆயின் அவை கண்ணாற் படித்தற்கென எழுதப்பட்டன அல்ல; பலர் கூடிப் பாடி, பாட்டு ஓய்ந்தபின் மௌனத்தில் அமர்தற்கென எழுந்தவை. அங்கே திரும்பக் கூறுதல் பயிற்சியாகின்றது. பாட்டின் பயன் பாட்டு முடிந்த பின் தொடங்குகின்றது.

இதற்குச் சான்று சாவகச்சேரிக்கு அணித்தாயுள்ள கைதடியில் உண்டு. அரசாங்க சேவையினின்றும் ஓய்வு பெற்ற மார்க்கண்டு சுவாமிகள், தம் ஆசான் காட்டிய வழியே அவ்வூரிலே ஒரு சிறு குடிலில் தங்கி, 1984ஆம் ஆண்டு வரை தியான வாழ்வு வாழ்ந்தார். நாடி வந்தோருக்குத் தம் கருத்தென ஒன்றைக் கூறாது, சுவாமி சொன்னதையே சொல்லி அமைந்தார். குருநினைவு நூலாகாமல் வாழ்வாகவே அமைந்தமைக்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

யோகர் சுவாமிகளை நேரிற் கண்டோர் இன்று அருகிவிட்டனர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியும் பெயர்ந்தது, சாவகச்சேரி பாழாயிற்று. வீடும் ஏடும் விட்டு நடந்தவர் கையில் எடுத்துச் செல்லக்கூடியது மனத்தில் நின்ற பாட்டும் சொல்லுமே. கண்டோர் மறையுங் காலத்தில் அற்புதக் கதைகள் பெருகுதல் இயல்பு. அவை குருவை உயரத்தில் ஏற்றி மாணவனைக் கீழே நிறுத்தும். 'நாம்' என்ற சொல்லிலிருந்து அவனை மெல்ல வெளியேற்றிவிடும். இனி எழுதப்படும் குருநினைவு நூல்களை எடைபோட நற்சிந்தனை ஓர் அளவுகோல் தருகின்றது. படித்து முடித்தவன் வியந்து நிற்கின்றானா, சும்மா இருக்க முயல்கின்றானா என்பதே அந்த அளவுகோல்.