சாயம் சொன்ன எல்லை

புலன் செய்திகளில் வாசனை தவிர மற்றவை பெரும்பாலும் தலாமஸ் வழியாகத்தான் மூளைப் புறணிக்குப் போகின்றன. ரீசஸ் குரங்கின் தலாமஸுக்கு யெர்சி ஓல்ஷெவ்ஸ்கி 1952இல் ஒரு வரைபட நூல் வெளியிட்டார். அதில் வந்த பெயர்கள் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குகின்றன. நல்ல புத்தகம்தான். ஆனா அது எதைக் காட்டுது, எதைக் காட்டலைன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

அவர் நம்பியது நிஸ்ல் சாயத்தை. அது நரம்பணுவின் உடலில் உள்ள ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். அணுக்கள் பெரிசா சின்னதா, நெருக்கமா இருக்கா விலகி இருக்கா என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் எங்கிருந்து வரும் நரம்பிழை அங்கே வந்து முடிகிறது என்பதை அது சொல்லாது.

விளைவு என்ன? பெரிய அணுக்கள் சிதறிக் கிடந்த ஒரு பகுதிக்கு வி.பி.எல்.ஓ. என்று பெயர் வைத்தார். அதாவது, தொடு உணர்வைக் கையாளும் வி.பி.எல். குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார். நரம்பிழைகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, அங்கே வருவது சிறுமூளையின் செய்தி. அது போய்ச் சேருவது இயக்கப் புறணிக்கு. மனிதரில் நடுக்கத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் 'விம்' பகுதியும் சிறுமூளைச் செய்தி வந்து சேருகிற இடம்தான். குரங்கு ஆய்வைப் படித்து மனித மூளைக்குப் பொருத்திப் பார்ப்பவரை, இந்தப் பெயர் தொடு உணர்வுப் பக்கம் திருப்பிவிடும். அதனால் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை.

எட்வர்ட் ஜோன்ஸ் இதைத் திருத்தினார். சிறுமூளைச் செய்தி வரும் இடம் என்ற அடிப்படையில் வி.பி.எல்.ஓ. உள்ளிட்ட நான்கு பகுதிகளை ஒன்றாக்கி வி.எல்.பி. என்றார். சரியான முடிவுதான். ஆனா அதுலயும் ஒரு நஷ்டம் இருக்கு: ஓல்ஷெவ்ஸ்கி கண்ட அணு வேறுபாடுகள் அந்த ஒற்றைப் பெயருக்குள் மறைந்துவிடுகின்றன.

சாயம் நவீனமானால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீரலை. 1994இல் கிரெய்க் குழுவினர் வலிக்கும் வெப்பத்துக்கும் தனிப் பகுதி இருப்பதாக அறிவித்தார்கள். அதை அடையாளம் காண கால்பைண்டின் என்ற புரதத்தின் அடர்த்தி ஒரு முக்கியக் குறியாக இருந்தது. 2004இல் கிராசியானோவும் ஜோன்ஸும் அதே புரதத்தையும் நரம்பிழைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். இழைகள் அந்தப் பகுதியைத் தாண்டியும் பரவலாக முடிந்தன. அது தனிப் பகுதியே இல்லை என்றார்கள்.

ஆகவே ஒரு தலாமஸ் வரைபடத்தைப் பார்த்தால் கோட்டை மட்டும் பார்க்காதீங்க. எந்தச் சாயம், கூடவே நரம்பிழையைத் தொடர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்க. ஓல்ஷெவ்ஸ்கியின் படங்களை நம்பலாம். பெயர்களைச் சரிபார்த்துத்தான் எடுத்துக்கணும்.