தோரோவுக்குப் பிறந்ததா 'பிரெயின் ராட்'?

2024 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 'பிரெயின் ராட்' (மூளை அழுகல்) என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதிலிருந்து இந்த மீம் சொல்லைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவிடம் போய் நிற்கிறார்கள். 1854இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் அவர் இதைக் கையாண்டிருக்கிறார். ஆகவே சொல்லுக்கு 170 வயதாம். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பதிப்பகத்தார் கவனமானவர்கள்தான். 37,000 பேருக்கு மேல் பங்கேற்ற வாக்கெடுப்பை நடத்தினார்கள். ஓராண்டில் புழக்கம் 230 விழுக்காடு கூடியதைக் காட்டினார்கள். டிக்டாக்கில் இளையவர்களிடையே சொல் வளர்ந்ததையும் மறைக்கவில்லை. தோரோவுடையது 'பதிவான முதல் பயன்பாடு' என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர் பெயரை முன்னே நிறுத்தியதும் முதல் பதிவே பிறப்பு என்றாகிவிட்டது.

தோரோ எழுதிய சூழல் வேறு. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு அழுகல் நோய் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியிருந்தது. கிழங்கின் அழுகலுக்கு இங்கிலாந்து மருந்து தேடுகிறதே, அதைவிடப் பரவலான மூளையின் அழுகலுக்கு யாரும் தேட மாட்டார்களா என்று கேட்டார். கிழங்கு நோயின் பெயரை ஒட்டி, அந்த வாக்கியத்துக்காகக் கட்டிய தொடர் அது. தம் காலத்தாரின் சிந்தனைச் சோம்பலை வெளியே நின்று கடிந்தார்.

இன்றைய பிள்ளைகள் வெளியே நிற்கவில்லை. கழிப்பறைக் கோப்பையிலிருந்து தலைகள் எழுந்து பாடும் 'ஸ்கிபிடி டாய்லெட்' 2023இல் யூடியூபில் வந்தது. அதைப் பார்ப்பவர்களே அதை பிரெயின் ராட் என்கிறார்கள். தொடர்ந்து பார்த்தால் தங்களுக்கு நேர்வதையும் அப்படியே சொல்கிறார்கள். குற்றம் சாட்டுபவரும் குற்றவாளியும் ஒருவரே. இந்தத் தன்னறிவுதான் சொல்லின் உயிர். தோரோவிடம் அதன் சாயல்கூட இல்லை. 'மூளை', 'அழுகல்' என்ற இரண்டு சாதாரணச் சொற்களை எந்தக் காலத்திலும் எவரும் புதிதாகச் சேர்க்கலாம். தோரோவிடமிருந்து இவர்களுக்கு அது கைமாறி வந்தது என்பதற்குப் பதிப்பகத்தின் அறிவிப்பில் சான்று எதுவும் இல்லை.

மூத்த நூலாசிரியர் ஒருவர் அகப்பட்டால் பெருமை முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிடும் இந்தப் பழக்கத்தை நான் நெடுநாளாக வெறுக்கிறேன். அச்சில் மட்டும் தேடினால் அச்சேறியவர்களே கிடைப்பார்கள். மீம் சொற்களை ஆக்குபவர்களோ பெரும்பாலும் புத்தகம் எழுதாதவர்கள். 'கச்சிதம்' என்று பொருள்படும் 'ஆன் ஃப்ளீக்' என்ற தொடரை 2014இல் பரப்பியது, ஒரு கறுப்பின இளம்பெண் வைன் தளத்தில் இட்ட சில நொடிக் காணொளி. வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. 'வால்டன்' இன்றும் நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. காணொளிகளையும் அவற்றின் கீழே குவியும் கருத்துகளையும் தேதியோடு சேமித்து, சொல் எப்படிப் பொருள் மாறியது என்று பின்தொடர்வது அகராதியின் வேலை. ஆண்டுதோறும் விருது அறிவிப்பவர்கள் அந்த உழைப்புக்கு முதலிடம் கொடுக்கட்டும்.