‘தி பாடி’: பேய்த்தொடரில் ஓர் இயற்கை மரணம்

இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் இளம்பெண்ணின் கதை, ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ (1997–2003) என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதன் ஐந்தாம் பருவத்தில் வரும் ‘தி பாடி’ (2001) அத்தியாயத்தை எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன்.

பஃபியின் தாய் ஜாய்ஸ் மூளை இரத்தக்குழாய் வெடித்து இறக்கிறார். கொன்றது பேயன்று, பழிதீர்க்க எவருமில்லை. பின்னணி இசையும் கிடையாது. மருத்துவப் பணியாளர்கள் வருமுன், விலகிக் கிடந்த தாயின் ஆடையைப் பஃபி இழுத்துவிடுகிறாள். எந்த அழுகையையும்விட இந்தச் சிறு செய்கையே நம்மை உலுக்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் பிறந்த அன்யாவோ, இறப்பு புரியவில்லை என்று குழந்தைபோல் அரற்றுகிறாள்.

பிணவறையில் காட்டேரி எழுவது ஒட்டாததாகத் தோன்றலாம். எனக்கு அது தேவையான காட்சி. பஃபி காட்டேரியை வீழ்த்திவிடுகிறாள். அருகிலேயே தாய் அசையாமல் கிடக்கிறார். தங்கை டான் அந்தக் கன்னத்தைத் தொடக் கை நீட்டுகிறாள். விரல் படுமுன் அத்தியாயம் முடிகிறது.