தெரிந்துகொண்ட பிறகு

கணவன் வேறொருத்தியை நாடிப் போவது கதை எழுதுகிறவர்களுக்குப் புதிய விஷயமே அல்ல. கதை என்று ஒன்று பிறந்த நாளிலிருந்து அவன் போய்க்கொண்டுதான் இருக்கிறான். அவன் ஏன் போனான் என்று எழுதுவது சுலபம். எப்படிப் பிடிபட்டான் என்று எழுதுவது அதைவிடச் சுலபம். எல்லாம் தெரிந்துபோன மறுநாள் காலையில் மனைவி எழுந்து என்ன செய்தாள் என்று எழுதத்தான் தைரியம் வேண்டும். அந்த மறுநாளைப் பதினாறு பகுதிகளில் விசாரிக்கிற ஒரு கொரியத் தொடரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தொடரின் பெயர் 'தம்பதிகளின் உலகம்'. 2020 மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. தென்கொரியாவில் ஜேடிபிஸி என்ற கேபிள் டெலிவிஷன் ஒளிபரப்பியது. டைரக்டர் மோ வான்-இல். கடைசிப் பகுதிக்குக் கிடைத்த ரேட்டிங் 28 சதவிகிதத்துக்கும் மேல். அங்கே கேபிள் நாடகம் எதுவும் அதுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆனால் மூலக்கதை கொரியாவில் பிறந்ததல்ல. மைக் பார்ட்லெட் என்ற ஆங்கில நாடகாசிரியர் 2015-ல் பி.பி.ஸி.க்கு எழுதிய 'டாக்டர் ஃபாஸ்டர்' தொடரின் தழுவல் இது. பார்ட்லெட்டுக்குத் தூண்டுகோலாக இருந்ததோ கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'மெடியா'. தன்னை விட்டு வேறு மணம் செய்துகொண்ட கணவனைப் பழிவாங்கத் தன் குழந்தைகளையே கொன்ற தாயின் கதை அது. இந்த வம்சாவளியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோசான் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெரிய பதவியில் இருக்கும் டாக்டர் ஜி ஸன்வூ. கணவன் லீ டேயோ சினிமாத் தொழிலில் இருக்கிறான். ஜூன்யங் என்று ஒரே மகன். குளிர் நாளொன்றில் கணவன் தன் மஃப்ளரைக் கழற்றி அன்போடு அவள் கழுத்தில் சுற்றிவிடுகிறான். அதில் ஒரு நீண்ட தலைமயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவளுடையது அல்ல. அதன்பின் அவள் டாக்டர்களுக்கே உரிய முறையில் காரியத்தில் இறங்குகிறாள். அறிகுறி, பரிசோதனை, முடிவு. தன்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஹ்யன்ஸோ என்ற பெண்ணையே கணவனைப் பின்தொடர அனுப்புகிறாள். கணவனின் பிறந்தநாள் விருந்தன்று அவன் காரின் பின்பெட்டியைத் திறந்து, ஒளித்துவைத்த டெலிபோனை எடுக்கிறாள். அதிலுள்ள படங்களில் அவனும் டாக்யுங் என்ற இளம்பெண்ணும் மட்டும் இல்லை. தம்பதிகளின் சிநேகிதர்களும் கூடவே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

இந்தக் கட்டம் மிகவும் உண்மையானது. இப்படிப்பட்ட துரோகத்தில் வலிப்பது படுக்கையறை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. தினமும் முகம் பார்த்துப் பேசியவர்கள் அத்தனை பேரும் நடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற அவமானம் இருக்கிறதே, அது கூரிய முள். ஸன்வூவாக வரும் கிம் ஹீ-ஏயிடம் அழுகையைவிட அடக்கமே அதிகம் பேசுகிறது. 2020-ல் அவருக்குப் பேக்ஸாங் விருது கிடைத்தது நியாயம்தான்.

பிடிபட்ட டேயோ சொல்லும் சமாதானம் அந்த நாட்டில் பலர் வாயிலும் புகுந்துவிட்டது. காதல் வசப்படுவது ஒரு குற்றமா என்று கேட்கிறான். இந்தக் கேள்வியின் குரூரம் முழுவதும் விளங்க அங்குள்ள சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1953-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டப்படி, மணமானவரின் கூடாவொழுக்கம் இரண்டு வருஷம் வரை சிறைவாசத்துக்குரிய குற்றமாக இருந்தது. ஆணானாலும் பெண்ணானாலும் தண்டனை உண்டு, உடன்பட்டவருக்கும் உண்டு. 2015 பிப்ரவரி 26-ம் தேதி அரசியல் சாஸன நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேரின் முடிவுப்படி, அந்தப் பிரிவை ரத்து செய்தது. இந்த விவகாரத்தில் போலீஸுக்கு வேலை இல்லை என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய அபிப்பிராயமே. டேயோ போன்றவர்கள் அதோடு நிற்பதில்லை. சட்டம் விட்டுவிட்டதை மனச்சாட்சியும் விட்டுவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அப்போது மனைவி தானே போலீஸாகி, தானே வக்கீலாகி, தானே நீதிபதியும் ஆகிறாள். முதல் ஆறு பகுதிகள் இந்த வீட்டுக் கோர்ட்டின் நடவடிக்கைகள்தான்.

டாக்யுங்கின் பெற்றோர் வீட்டில் விருந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் மகள் கர்ப்பமாக இருப்பதையும் அதற்குக் காரணம் யார் என்பதையும் ஸன்வூ போட்டு உடைக்கிறாள். பார்க்கிறவர்களுக்குக் கைதட்டத் தோன்றும். அடுத்தாற்போல், மகன் தன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காக, அவனைத் தானே கொன்றுவிட்டதாகக் கணவன் நினைக்கும்படி பேசி அவனுக்கு வெறியேற்றுகிறாள். அவன் அவளைத் தாக்குகிறான். ரத்தம் கொட்டுகிறது. வந்து நின்ற மகன் அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். விவாகரத்தும் கிடைக்கிறது, மகனும் கிடைக்கிறான். தட்டிய கை நமக்கு அப்படியே நின்றுபோகிறது. மெடியா வாளை எடுத்தாள். ஸன்வூ எதையும் எடுக்கவில்லை. மகன் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவனுடைய பிள்ளைப்பருவம் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டது.

இதே துன்பத்தை வேறு இரண்டு பெண்களும் அனுபவிக்கிறார்கள். பக்கத்து வீட்டு யேரிம், ஒழுங்கில்லாத கணவனைப் பொறுத்துக்கொண்டு போகிறாள். அவன் திருந்தி வந்த பிறகுதான் தன்னால் அவனை நம்ப முடியவில்லை என்று கண்டு பிரிகிறாள். பொறுமை தீர்ந்ததற்கு அவன் செய்த புதுத் தப்பு எதுவும் காரணம் இல்லை என்பது நுட்பமான இடம். டேயோவை மணந்துகொண்ட டாக்யுங்குக்கோ, தான் முன்பு பிறருக்குச் செய்தது தனக்கே திரும்பி வருகிறது. அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மூவரில் யார் செய்தது சரி என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாதது அதன் பலம்.

குறைகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 2015-லும் 2017-லும் ஐந்தைந்து பகுதிகளாக வந்ததைப் பதினாறாக நீட்டியதால், பிற்பாதியில் மிரட்டல், வேவு, ஒரு மர்ம மரணம் என்று மசாலா சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு நல்ல கட்டம் வருகிறது. விவாகரத்தான இருவரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அதே இரவில் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள். பலருக்கு இது அருவருப்பாக இருக்கலாம். எனக்கு இது மனித சுபாவத்தை அறிந்தவர்கள் எழுதியதாகவே படுகிறது. வருஷக்கணக்காக ஒருவனை வீழ்த்துவதையே நினைத்துக்கொண்டிருப்பவள், அவனை விட்டு விலகியவள் அல்ல. பழியும் ஒரு பந்தம்தான். தாலி கட்டியதைவிட இறுக்கமான பந்தம் என்றுகூடச் சொல்லலாம்.

முடிவைச் சொல்லாமல் இந்த விமரிசனத்தை முடிக்க வழியில்லை. எல்லாம் இழந்த டேயோ வீதியில் லாரிக்கு முன்னால் போய் நிற்கிறான். ஸன்வூ அலறிக்கொண்டு ஓடி, பிழைத்துக் கிடப்பவனைக் கட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்த மகன் ஓடிப்போய்விடுகிறான். ஆங்கிலத் தொடரில் போன பிள்ளை போனவன்தான். கொரியத் தொடரில் ஒரு வருஷத்துக்குப் பின் அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். இது பார்க்கிறவர்களின் கண்ணீரைத் துடைப்பதற்காகச் செய்த சலுகை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. தலைமயிரைக் கண்ட நாளிலிருந்து ஸன்வூ துரத்திக்கொண்டே இருந்தாள்: சாட்சியத்தை, கணவனை, வெற்றியை. அவளுடைய சாமர்த்தியத்தால் கிடைக்காதது எதுவுமே இல்லை, நிம்மதியைத் தவிர. மகன் போன பிறகு அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. தன் இடத்தில் இருந்துகொண்டு, தன் பங்குத் தப்பைச் சுமந்துகொண்டு காத்திருப்பது ஒன்றே மிச்சம். பதினாறு பகுதிகளிலும் அவள் செய்திராத காரியம் அது. பிள்ளை திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான்.