பாதி மேற்கோள்: இப்னு கல்தூனின் வரிச்சிந்தனை படிக்கப்பட்ட விதம்

1981ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடந்த செய்தியாளர் கூட்டமொன்றில், அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் தமது வரிக்குறைப்புக் கொள்கைக்குச் சான்றாக எவரும் எதிர்பாராத ஒரு பெயரைக் குறிப்பிட்டார். அப்பெயர் இப்னு கல்தூன். ஓர் அரசமரபின் தொடக்கக் காலத்தில் குறைந்த வரிகளிலிருந்து பெருவருவாய் கிடைக்கிறது. அதன் இறுதிக் காலத்திலோ மிகுந்த வரிகளிலிருந்து சிறுவருவாயே கிடைக்கிறது என்ற கருத்தை அவர் எடுத்துரைத்தார். பதவியிலிருந்து விலகிய பின்னும் அவர் அதனைக் கைவிடவில்லை. 1993 பிப்ரவரியில், கிளின்டன் அரசின் வரி உயர்வுத் திட்டத்தைச் சாடி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதியபோதும் அதே அறிஞரையே துணைக்கழைத்தார். வரி விகிதத்திற்கும் வருவாய்க்குமுள்ள உறவைக் காட்டும் வளைகோட்டினால் புகழ்பெற்ற பொருளியலாளர் ஆர்தர் லாஃபர், அக்கருத்து தமது கண்டுபிடிப்பன்று எனக் கூறி, இப்னு கல்தூனை முன்னோடிகளுள் ஒருவராக 2004இல் குறிப்பிட்டார்.

இச்செய்தி நம்மவர் மேடைகளிலும் ஏடுகளிலும் பெருமிதத்தோடு எடுத்துச் சொல்லப்படுகின்றது. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் பிறந்த ஒரு முஸ்லிம் அறிஞரை வாஷிங்டன் மேற்கோள் காட்டியதென்றால் மகிழ்ச்சி பிறப்பது இயல்பே. எனினும், அம்மேற்கோள் எந்நூலிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்நூலைப் புரட்டிப் பார்க்கும் ஆவலை அப்பெருமிதம் நம்மிடையே தூண்டவில்லை என்பதே வருந்தத்தக்கது. புரட்டியிருப்போமாயின், ரீகன் காட்டியது ஒரு வாதத்தின் முன்பாதி மட்டுமே என்பது தெரிந்திருக்கும்.

முகத்திமாவின் மூன்றாம் பாகத்தில், அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராயுமிடத்தில்தான் அப்பகுதி வருகின்றது. தொடக்கக் கால அரசு ஏன் குறைவாக வரி விதிக்கின்றது? இப்னு கல்தூன் இதற்குத் தரும் விடை பொருளியற் சூத்திரமன்று. மார்க்க நெறியைப் பின்பற்றும் அரசாயின் அது ஸகாத், கராஜ், ஜிஸ்யா ஆகியவற்றையே வசூலிக்கும். அவற்றுக்கு மீறலாகாத எல்லைகள் உண்டு. குலப்பிணைப்பின் வலிமையால் எழுந்த அரசாயின் பாலைநில வாழ்வின் எளிமை அதனிடம் இன்னும் மறையாதிருக்கும். ஆகவே அதன் தேவைகளும் சிலவே. இரு நிலைகளிலும் வரி குறைவாயிருப்பதற்குக் காரணம் ஆள்வோரின் செலவு குறைவாயிருப்பதேயாகும். பின்னர் ஆடம்பரம் பெருகுகிறது. அரசவையினரின் தேவைகளும் படையினரின் ஊதியமும் பெருகுகின்றன. அவற்றை ஈடுசெய்யவே வரி சிறிது சிறிதாக ஏற்றப்படுகின்றது. ஏற்றம் படிப்படியாக நிகழ்வதால் யார் தொடங்கினார், யார் கூட்டினார் என்பதுகூட மக்களுக்குத் தெரிவதில்லை. இறுதியில் உழைப்பின் பயன் தமக்கு எஞ்சாதெனக் கண்டு அவர்கள் முயற்சியைக் கைவிடுகின்றனர், வருவாய் வீழ்கின்றது.

ரீகன் முற்றிலும் பிழையாகப் படித்தார் என்று கூறுவது நேர்மையாகாது. மிகையான வரி ஊக்கத்தைக் கொல்லும் என்பதை இப்னு கல்தூன் ஐயத்திற்கிடமின்றிச் சொல்கின்றார். ஆயின் அவரது காரணத்தொடரில் முதலில் நிற்பது செலவு. விகிதம் அதன் பின்விளைவு. ரீகன் ஆட்சியில் நிகழ்ந்ததோ வேறு. 1981இன் சட்டம் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறைத்தது. 1986இன் சட்டம் அதனை 28 ஆக்க வழிசெய்தது. அதே ஆண்டுகளில் படைத்துறைச் செலவு பெரிதும் உயர்த்தப்பட்டது. அவரது எட்டாண்டு ஆட்சியில் கூட்டாட்சி அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. 1982இலேயே சில வரிகளை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. படைச்செலவின் பெருக்கத்தைத் தளர்ச்சியின் அறிகுறியாகக் கண்ட ஓர் ஆசிரியரை, படைச்செலவைப் பெருக்கியவர் சான்றாக்கியது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இன்னொரு பாதி இதைவிடச் சுவையானது. அதே பாகத்தில், சில இயல்கள் தள்ளி, அரசு வழங்கும் படிகளையும் ஊதியங்களையும் குறைத்தால் வரிவருவாயும் குறையும் என்று அவர் வாதிடுகின்றார். அவர் பார்வையில் அரசே எல்லாவற்றிலும் பெரிய சந்தை. ஆட்சியாளர் செல்வத்தைப் பூட்டிவைத்தால் அவரைச் சார்ந்தோர் செலவிட இயலாது. வணிகர் இலாபம் குன்றும். அவ்வழியே அரசிறையும் குன்றும். செல்வம் ஆள்வோரிடமிருந்து மக்களுக்கும் மக்களிடமிருந்து ஆள்வோருக்கும் சுழல வேண்டியது என்பது அவர் கருத்து. அரசு வழங்கும் நலத்தொகைகளைக் குறைக்க முனைவோரின் வாயில் இப்பகுதி ஒருபோதும் வருவதில்லை. மறுபுறம், இதனை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைக் கெய்ன்ஸின் முன்னோடியாக முடிசூட்டுவோரும் உளர். அவர்களும் பாதி வாசகர்களே. ஏனெனில் அவர் குறிப்பிடும் செலவு பெரும்பாலும் அரசவையினர், படையினர் வழியே சந்தையை அடைவது. ஏழைக்கு நேரே வழங்கப்படும் உதவியன்று.

வரியைப் பற்றிய அவரது மிகக் கூர்மையான சொல், எனது மதிப்பீட்டில், இவ்விரு தரப்பாரும் தொடாத மற்றோர் இயலில் உள்ளது. அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்பதை விளக்க, மஸ்ஊதி கூறிய பாரசீகக் கதையொன்றை அவர் எடுத்தாளுகின்றார். பஹ்ராம் மன்னன் ஆந்தைகளின் ஒலியைக் கேட்டு, அதன் பொருள் என்னவென்று தலைமைக் குருவிடம் வினவுகின்றான். பெண் ஆந்தை தன்னை மணக்க வந்த ஆணிடம் பாழடைந்த இருபது ஊர்களை மணக்கொடையாகக் கேட்கின்றது. இம்மன்னன் ஆட்சி நீடிக்குமாயின் ஆயிரம் ஊர்களே தருகிறேன் என்கின்றது ஆண். திடுக்குற்ற மன்னனுக்குக் குரு காரணத்தை விளக்குகின்றார்: விளைநிலங்கள் உழுதோரிடமிருந்து பறிக்கப்பட்டு அரசவை நெருக்கத்தினருக்கு அளிக்கப்பட்டன, அவர்கள் பயிரிடவுமில்லை, மன்னனுக்கு அணுக்கமானவர்கள் என்பதால் அவர்களிடம் வரியும் கேட்கப்படவில்லை, சுமை முழுவதும் எஞ்சிய உழவர்மீது விழுந்தது, அவர்கள் நிலத்தைவிட்டு அகன்றனர்.

வரி கூடுதலா குறைவா என்று மட்டுமே வாதிடுவோருக்கு இக்கதை உவப்பளிக்காது. விலக்குப் பெற்றவர் யார், அவருடைய பங்கைச் சுமப்பவர் யார் என்ற வினாவை அது எழுப்புகின்றது. மொத்த விகிதத்தைக் குறைத்தாலும் இவ்வினா தீராது.

ஆனால் அக்கதையில் மன்னனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு குரு கிடைத்தார். கிடைக்காத நாட்டில் என் செய்வது? இவ்விடத்தில் இப்னு கல்தூன் நமக்கு உதவுவதில்லை. பிஜாயாவில் ஹாஜிப் பதவி வகித்தபோது மலைவாழ் பர்பர் குலத்தாரிடம் வரி திரட்டச் சென்றவர் அவர். பின்னர் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் காழியாகவும் இருந்தார். நோயின் போக்கை அறிந்த மருத்துவரெனினும், அதனை இயற்கை விதியாகவே கண்டார். அரசுகள் முதுமையடையும், மடியும், வேறு அரசு எழும். கணக்குக் கேட்கும் வழி அவரது நூலின் மையப்பொருளன்று.

அவ்வழியைத் தேடுவோர் ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்று, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜைத் திறக்க வேண்டும். அபூயூசுஃப் தலைமைக் காழி, ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்தவர். அரசின் ஊழியரான அவர் அரசை நோக்கியே எழுதுகின்றார் என்பதை மறக்கலாகாது. நூலில் புகழுரைகளும் உண்டு. எனினும் அவர் நேரே வசூல் நடைபெறும் களத்திற்கு வந்துவிடுகின்றார். நிலத்தின் பரப்புக்கேற்ப நிலையான தொகை என்னும் முறை விளைச்சல் பொய்த்த ஆண்டில் உழவரை அழிக்குமென்று கூறி, விளைச்சலில் பங்கு என்னும் முறையைப் பரிந்துரைக்கின்றார். பாய்நீரால் விளையும் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரு பங்கு. ஏற்றமிட்டு இறைத்து விளைவிப்பதாயின் பத்தில் மூன்று. உழைப்பு மிகுந்த இடத்தில் வரி குறைகின்றது. (ஐந்தில் இரண்டும் இன்றைய கண்ணுக்குச் சிறு தொகையன்று; நம் முன்னோர் காலமெல்லாம் பொற்காலமென்போர் இதனையும் குறித்துக்கொள்ளலாம்.)

வரிக் குத்தகையை அவர் வன்மையாகக் கண்டிக்கின்றார். குத்தகை எடுத்தவன் தான் கட்டிய தொகைக்கு மேல் ஈட்டுவதற்காக மக்களை வதைப்பான் என்பதே காரணம். வரிக்காக எவரையும் அடிப்பதையும், வெயிலில் நிறுத்துவதையும் தடுக்கின்றார். பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பார்வையற்ற யூத முதியவரைக் கண்டு, இளமையில் இவரிடம் வரி வாங்கி முதுமையில் கைவிடுவது நீதியன்று என்று கருதிய உமர் (ரலி), அவரது ஜிஸ்யாவை நீக்கிப் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்த நிகழ்ச்சியைப் பதிவு செய்கின்றார். வரியையும் உதவியையும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகக் காணும் இந்நோக்கு, அவற்றைத் தனித்தனி வாதங்களாக்கிவிட்ட நமது காலத்திற்கு அந்நியமானது.

அடுத்து, கலீஃபாவிடமே ஒன்று கேட்கின்றார். மாதம் ஒருமுறை, அல்லது இரு மாதங்களுக்கு ஒருமுறையேனும் முறையீடு கேட்க அமருங்கள்; அச்செய்தி மாகாணங்களை எட்டும்போது கொடுமை செய்வோர் அஞ்சுவர். நம்பகமானவர்களை அனுப்பி அலுவலரின் நடத்தையை விசாரியுங்கள். தவறாக வாங்கியதைத் திரும்பப் பெறுங்கள். இவ்வேற்பாட்டின் குறை வெளிப்படையானது. கேட்பவர் கேட்க மனங்கொண்டால்தான் இது நடக்கும். வரி கொடுப்போர் தாமாகவே அவரை அமரச் செய்ய வழியில்லை. அக்குறையை அபூயூசுஃபின் தலையில் மட்டும் சுமத்தவும் இயலாது. எட்டாம் நூற்றாண்டில் உலகின் பேரரசு எதனிடமும் அவ்வழி இருக்கவில்லை. நம்மிடம் இன்று வாக்குச்சீட்டு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு.

இருந்தும், ரீகன் மேற்கோளை நூறு முறை கேட்ட நம் வாசகர்களுள் அபூயூசுஃபின் ஒரு சிறு விதியைக் கேள்வியுற்றோர் சிலரே இருப்பர். வரி எழுதப்படும் தாளின் விலையையும், தானியம் அளப்பவனின் கூலியையும், ஓலை கொண்டுசெல்லும் தூதனின் கூலியையும் வரி கொடுப்போரிடமிருந்து வாங்கலாகாது என்று அவர் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கின்றார்.